அத்தானின் பெற்றோல் விமானம்

உலகம் பெற்றோலைக் கைவிட்டு மின்சாரத்துக்கு மாறிக்கொண்டிருக்கும் காலம் இது. இந்தக் காலத்தில், மின்சாரத்தில் ஒழுங்காகப் பறந்துகொண்டிருந்த ஒரு விமானத்தின் மோட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு, அந்த இடத்தில் பெற்றோல் எஞ்சினைப் பூட்டுபவரைப் பற்றி என்ன நினைப்பீர்கள்? அவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மின் பொறியியலாளராகச் சம்பளம் வாங்கியவர் என்றால்? அவர்தான் என் அக்காவின் கணவர்.

விமானம் என்றதும் யாரும் பதற வேண்டாம். இறக்கை முனையிலிருந்து மறுமுனை வரை 1.8 மீற்றர் நீளமுள்ள மாதிரி விமானம் அது. பல்சா மரச் சட்டங்களின் மேல் மெல்லிய பிளாஸ்ரிக் தாள் ஒட்டியது. வானில் குட்டிக்கரணம் அடிக்கவும், தலைகீழாகப் பறக்கவும், ஒரு பக்க இறக்கை நிலத்தைப் பார்க்கக் கத்தி நிற்பதுபோல் பறக்கவும் என்றே செய்யப்பட்ட வகை. மருமகன் 2019இல் கனடாவுக்குப் போகும்போது கட்டுகஸ்தோட்டை வீட்டின் மேல்மாடி அறையில் விட்டுச் சென்றது. "அப்பா, பற்றரிகளை மட்டும் கவனமாகப் பாருங்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

அத்தான் பார்த்தார். ஆனால், லிதியம் பொலிமர் பற்றரி என்பது வளர்ப்புப் பிராணி மாதிரி. முழுதாகச் சார்ஜ் ஏற்றி வைத்தாலும் கெடும், வெறுமையாக விட்டாலும் கெடும். ஒரு கலத்துக்கு 3.8 வோல்ற் அளவில் வைத்து, அவ்வப்போது சரிபார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அப்படிப் பார்த்தாலும் ஆண்டுகள் செல்லச் செல்ல அது மூப்படையும். ஆறு கலங்கள் கொண்ட இரண்டு பொதிகள் அந்த விமானத்துக்கு வேண்டும். பெருந்தொற்றும் 2022இன் நெருக்கடியும் கடந்து முடிந்தபோது இரண்டும் தலையணை போல் வீங்கிக் கிடந்தன. அவற்றை மணல் வாளியில் வைத்துப் பக்குவமாக அப்புறப்படுத்தினார்.

புதிய பற்றரி வாங்கினால் என்ன என்று கேட்கலாம். 2020இல் தொடங்கிய இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் டொலர் தட்டுப்பாடும் இத்தகைய பொருள்களை எட்டாத உயரத்துக்குக் கொண்டுபோயிருந்தன. பயணிகள் விமானத்தில் லிதியம் அயன் பற்றரிகளைத் தனிச் சரக்காக ஏற்றுவதைச் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2016 ஏப்ரல் முதல் தடை செய்துவிட்டது. 100 வாற்று மணித்தியாலத்துக்கு உட்பட்ட பற்றரியைப் பயணி தன் கைப்பையில் கொண்டு வரலாம். மருமகனும் அதைத்தான் சொன்னான்: "நான் வரேக்கை கைப்பையிலை கொண்டு வாறன் அப்பா." அத்தான் தொலைபேசியில் ஒன்றும் சொல்லவில்லை. வைத்த பிறகு என்னைப் பார்த்து, "தம்பி, இவன் அஞ்சு வருசமா வாறன் எண்டுதான் சொல்லுறான். விமானம் பறக்கிறதுக்கு அவன் வரவேண்டும் எண்டு காத்திருக்கேலாது" என்றார். பெற்றோல் எஞ்சின் யோசனை அந்த வாரத்தில்தான் பிறந்தது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 2022 மார்ச் 31ஆம் திகதி இந்த நாடு பதின்மூன்று மணிநேர மின்வெட்டைக் கண்டது. அதே மாதத்தில் கான்களில் பெற்றோல் கொடுப்பதையும் நிறுத்தினார்கள். ஓகஸ்ட் மாதத்திலிருந்து கியூ.ஆர். குறியீடு காட்டியே பெற்றோல். மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு நான்கு லீற்றர். மின்சாரம், பெற்றோல் ஆகிய இரண்டுமே இல்லாமல் இருக்கப் பழகிய சனங்கள் நாங்கள். அந்த முறை 2023 செப்டெம்பரில் நிறுத்தப்பட்ட பிறகுதான், இலக்கத் தகடே இல்லாத ஒரு வாகனத்துக்குப் பெற்றோல் வாங்குவது என்ற எண்ணமே ஒருவருக்கு வர முடிந்தது.

எஞ்சின் கொழும்பில் ஒருவரிடம் பழையதாகக் கிடைத்தது. சீனத் தயாரிப்பு, 20 சி.சி., ஒற்றைச் சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக். நிமிடத்துக்கு 9,000 சுற்றில் 2.5 குதிரைவலு தரும் என்பது தயாரிப்பாளரின் கணக்கு. எடை 650 கிராம். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபோது நம்பக் கடினமாக இருந்தது. எங்கள் தெருவில் புல் வெட்ட வருபவரின் இயந்திரத்தின் தம்பி போலத்தான் தெரிந்தது. உண்மையில் உறவு அதைவிட நெருக்கமானது. அதைப் பிறகு சொல்கிறேன்.

மோட்டாரைக் கழற்றி எஞ்சினைப் பூட்டுவது நான்கு போல்ட் வேலை என்று வெளியாள் நினைக்கலாம். மின்மோட்டார் சுழலும்போது விமானத்துக்கு அது சுழல்வதே தெரியாது. ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினோ ஒவ்வொரு வெடிப்பிலும் விமானத்தின் மூக்கைப் பிடித்து உலுக்கும். நிமிடத்துக்கு எட்டாயிரம் உலுக்கல். மின்மோட்டாரை நம்பிக் கட்டிய மெல்லிய ஒட்டுப்பலகைப் பெட்டி அதைத் தாங்காது. எனவே, முன்பலகையின் மேல் 6 மில்லிமீற்றர் தடிப்பில் இன்னொரு பிளைவூட் பலகையை எபொக்சியால் ஒட்டி, உள்மூலைகளில் முக்கோணக் கட்டைகளை வைத்தார். பலகை முழுவதற்கும் எபொக்சி பூசினார். பெற்றோலும் ஒயிலும் மரத்தில் ஊறினால் பசை விட்டுப்போகும். ஒவ்வொரு போல்ட்டுக்கும் தளராமலிருக்கப் பசை. ஒவ்வொரு மின் இணைப்புக்கும் நூல் கட்டு. நான் மேசைக்கு எதிர்ப்புறம் இருந்து சொன்னதைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கலைப்பட்டதாரியின் தொழில்நுட்பப் பங்களிப்பு அவ்வளவுதான்.

அடுத்தது எடைக் கணக்கு. எஞ்சின் வந்ததும் மூக்கு பாரமாகிவிடும் என்றே பார்ப்பவர்கள் நினைப்பார்கள். நடந்தது நேர்மாறு. மூக்குக்குப் பின்னால் 1.2 கிலோ எடையுள்ள பற்றரிகள் இருந்தன அல்லவா? அவை போய்விட்டன. எஞ்சினின் எடை பழைய மோட்டாரைவிடச் சற்றே கூட. கூட்டிக் கழித்தால் விமானம் மொத்தத்தில் இளைத்து, வால் பக்கம் சாய்ந்தது. வால் பாரமான விமானம் விமானியின் சொல் கேளாது. எனவே, தீப்பொறிப் பெட்டி, அதற்கான சிறு பற்றரி, வானொலி வாங்கிக்கான பற்றரி எல்லாவற்றையும் முன்னே நகர்த்தினார். பெற்றோல் தாங்கியை மட்டும் ஈர்ப்பு மையத்தின் நேர்மேலே வைத்தார். பற்றரியின் எடை முதலிலிருந்து கடைசி வரை ஒன்றுதான். பெற்றோல் எரிந்து குறையும் பொருள். தாங்கி நடுவில் இருந்தால்தான், குறையும்போது சமநிலை கெடாது. தாங்கிக்குள் நெகிழும் குழாயின் நுனியில் ஒரு சிறிய குண்டு. விமானம் தலைகீழானால் பெற்றோல் எந்தப் பக்கம் ஓடுகிறதோ, அந்தப் பக்கம் குண்டும் விழுந்து உறிஞ்சும். இவ்வளவு எளிய தீர்வைக் கண்டபோது எனக்கு யாரையோ கைகுலுக்கத் தோன்றியது. சாதாரண சிலிக்கன் குழாய் மட்டும் ஆகாது. பெற்றோலில் ஊறி வீணாகும். பெற்றோலைத் தாங்கும் குழாயே வேண்டும்.

இப்போது அந்த உறவைச் சொல்கிறேன். தாங்கியில் குண்டு வைத்தால் மட்டும் போதாது. சாதாரண மோட்டார் சைக்கிளின் காபரேற்றரில் ஒரு சிறு தொட்டியும் மிதவையும் இருக்கும். அதைக் கவிழ்த்தால் எஞ்சின் நின்றுவிடும். மரம் அரியும் சங்கிலி வாளை எந்தக் கோணத்தில் பிடித்தாலும் அது நிற்பதில்லை. அதில் மிதவை இல்லை. எஞ்சினின் அறையில் மாறி மாறி எழும் அழுத்தத்தால் ஒரு மெல்லிய சவ்வு துடித்துப் பெற்றோலை இழுக்கும். மாதிரி விமானத்தில் இருப்பதும் அதே சவ்வுக் காபரேற்றர்தான். வானத்தில் குட்டிக்கரணம் அடிக்கும் கலையை விமானத்துக்குக் கற்றுக்கொடுத்தது மரம் வெட்டும் தொழில்!

ஆகவே, எஞ்சினின் பெற்றோல் ஊசிகளைச் சரிசெய்ய அத்தான் தேடிப்போனது விமான நிபுணரையல்ல, புல்வெட்டி திருத்தும் ஒரு சிங்களத் தம்பியை. அந்தப் பையன் விமானத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தான். காபரேற்றரைக் கண்டதும் முகம் மலர்ந்தது. திருகாணிச் செலுத்தியை எடுத்து, வேகம் கூடும்போது ஒன்று, குறையும்போது ஒன்று என இரண்டு ஊசிகளையும் காதால் கேட்டே சரிசெய்தான். கண்டி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கொழும்பைவிடக் காற்று ஐந்து வீதமளவு ஐதானது. கொழும்பில் சரியாக இருந்த எஞ்சினுக்கு இங்கே பெற்றோல் சற்று மிகையாகிப் புகை கக்கும். இந்தக் கணக்கை அத்தான் தாளில் போட்டு வைத்திருந்தார். பையன் தாள் எதையும் பார்க்கவில்லை. இருவரும் வந்து சேர்ந்த இடம் ஒன்றே.

92 ஒக்ரேன் பெற்றோல் ஒரு லீற்றர், அதில் டூ-ஸ்ட்ரோக் ஒயில் 33 மில்லிலீற்றர். முப்பதுக்கு ஒன்று. 300 மில்லிலீற்றர் தாங்கியில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் பறக்கலாம். மின்சாரத்தில் ஆறேழு நிமிடம்தான். முடிந்ததும் ஒரு மணிநேரம் சார்ஜருக்கு முன்னால் தவம். எடைக்கு எடை பார்த்தால் பெற்றோலில் உறைந்திருக்கும் சக்தி லிதியம் பற்றரியில் இருப்பதைப்போல ஐம்பது, அறுபது மடங்கு. அதில் பெரும்பகுதியை எஞ்சின் வெப்பமாகவும் சத்தமாகவும் வீணடிக்கிறது. அப்படி வீணடித்தும் வெல்கிறது.

சத்தமாகவும் என்றேனே. இந்தக் கட்டுரையை எழுத நேர்ந்ததே அதனால்தான்.

புதிய வளையம் மாற்றிய எஞ்சினைச் சில தாங்கிப் பெற்றோல் எரியும்வரை தரையில் ஓடவிட்டுப் பதப்படுத்த வேண்டும். விமானத்தின் வாலைக் கொய்யா மரத்தில் கட்டி, தடித்த கையுறை போட்டு, காற்றாடியைச் சுண்டினார். முதலில் காற்றை அடைத்து. ஒருமுறை செருமியதும் திறந்து. மறுபடி நான்கு சுண்டல். எஞ்சின் பிடித்துக்கொண்டது. மின்மோட்டாரின் சீறலை மட்டுமே கேட்டிருந்த வீட்டில் திடீரென்று ஒரு கனத்த ரீங்காரம் நிரம்பியது. அத்தானின் முகத்தில் இருபது வயது குறைந்ததை நான் கண்டேன். "தம்பி, இதுதான்ரா எஞ்சின்!" என்று அந்தச் சத்தத்தையும் மீறிக் கத்தினார்.

இரண்டாம் நாள் மாலை, பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருக்கும் ஆசிரியை வேலியடிக்கு வந்தார். புதுக்குடியிருப்புப் பக்கத்தவர். 2009இல் பாடசாலை மாணவி. திருமணத்தின் பின் கண்டிக்கு வந்தவர். கோபமாக எதுவும் பேசவில்லை. "அக்கா, ஐயாவின்ரை அந்தச் சாமான் எத்தனை மணிக்கு நிற்பாட்டுவினம்?" என்று மட்டும் என் அக்காவிடம் கேட்டார். பிள்ளை படிக்கிறதா என்று அக்கா விசாரித்தாள். "இல்லை, வண்டு சுத்துற மாதிரிக் கிடக்குது" என்றார்.

வன்னியில் இருந்தவர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். போர்க்காலத்தில் விமானப் படையின் ஆளில்லா வேவு விமானத்துக்கு அங்கே மக்கள் வைத்த பெயர் வண்டு. அது குண்டு போடாது. மணிக்கணக்காக மேலே நின்று பார்க்கும். அது பார்த்துவிட்டுப் போனபின் என்ன வரும் என்பது சனங்களுக்குத் தெரியும். கிபிர் வந்து போகும் நேரம் நிமிடக்கணக்கு. வண்டு இரவும் பகலும். பதுங்குகுழிக்குள் இருந்தவர்களுக்கு அது கண்ணால் கண்ட பொருளல்ல, காதால் கேட்ட பொருள்.

நாங்கள் பத்திரிகையில் 'ஆளில்லா வேவு விமானம்' என்று எழுதினோம். தலைப்புக்கு இடம் போதாதபோது 'வேவு விமானம்'. இரண்டில் துல்லியமான சொல் மக்களுடையதுதான் என்பதை அன்று மாலை அத்தானின் தாளில் பார்த்தேன். டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் நிமிடத்துக்கு 8,000 சுற்றில் ஓடினால், நொடிக்கு 133 வெடிப்பு. இரண்டு தகடுள்ள காற்றாடி அதைப்போல இரு மடங்கு தடவை காற்றை வெட்டும், நொடிக்கு 267. வண்டினத்தின் இறக்கைகள் அடிப்பது நொடிக்கு 150, 200 தடவை அளவில். ஒரே சுருதிக் கூட்டம். தூரம் கூடக் கூடக் கூர்மையான ஒலிகளைக் காற்று விழுங்கிவிட, அந்த அடிநாதம் மட்டும் எஞ்சும். கண்டி போன்ற மலைக் கிண்ணத்தில் அது எங்கிருந்து வருகிறது என்றும் தெரியாது. வேவு விமானங்களை ஓட்டியவையும் சிறு பிஸ்டன் எஞ்சின்களே. அத்தானின் 20 சி.சி. எஞ்சினுக்குப் பெரியப்பன்மார் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த உறவு தற்செயலானதும் அல்ல. ஹொலிவூட்டில் நடித்துக்கொண்டிருந்த ரெஜினோல்ட் டெனி என்ற ஆங்கிலேயருக்கு மாதிரி விமானங்களில் பித்து. அதற்கென்றே கடையும் வைத்திருந்தார். அந்தப் பொழுதுபோக்கிலிருந்து வளர்ந்ததுதான் அவரது ரேடியோபிளேன் நிறுவனம். இரண்டாம் உலகப் போரில், விமான எதிர்ப்புப் பீரங்கிக்காரர் சுட்டுப் பழகுவதற்காகச் சிறு டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் பூட்டிய ஆளில்லா விமானங்களை ஆயிரக்கணக்கில் செய்து கொடுத்தது. அந்தத் தொழிற்சாலையில் வேலை செய்த நோர்மா ஜீன் என்ற இளம்பெண்ணை இராணுவப் புகைப்படக்காரர் ஒருவர் படம் பிடிக்கப்போய், அவர் பின்னாளில் மர்லின் மன்றோ ஆனார். இந்தக் கதையைச் சொல்லும் எல்லாரும் மன்றோவோடு நின்றுவிடுவார்கள். அவர் கையில் பிடித்திருந்த காற்றாடி எங்கே போய்ச் சேர்ந்தது என்று கேட்பதில்லை.

வான்ஒலிக்கு அஞ்சியது வடக்கு மட்டுமல்ல என்பதையும் எழுத வேண்டும். 2007 மார்ச்சில் புலிகளின் சிறு விமானங்கள் கட்டுநாயக்கா தளத்தில் குண்டு வீசின. அடுத்த மாதக் கடைசியில், இலங்கையும் அவுஸ்திரேலியாவும் உலகக் கிண்ண இறுதிப் போட்டியில் ஆடிக்கொண்டிருந்த இரவில் அவை மீண்டும் வந்தன. கொழும்பு இருளில் மூழ்கியது. நான் அன்று செய்தி மேசையில் இருந்தேன். ஸ்கோர் கேட்டுக்கொண்டிருந்த கூட்டம் அப்படியே மௌனமாகி, தலையை உயர்த்திக் காது கொடுத்ததை மறக்கவில்லை. அதுவும் பெற்றோல் எஞ்சின் விமானந்தான். ஆனால் எங்களுக்கு அது ஓரிரு இரவு. அந்த ஆசிரியைக்கு அது பதின்ம வயதின் பின்னணி இசை.

அத்தான் அன்றிரவே எஞ்சினை மரத்திலிருந்து அவிழ்த்தார். ஒரு வார்த்தை விவாதம் இல்லை. மறுநாள் முச்சக்கர வண்டியில் ஏற்றி, அந்தப் புல்வெட்டிப் பையனின் கறாஜுக்குக் கொண்டுபோனார். அங்கே காலை முதல் மாலை வரை புல்வெட்டிகளும் சங்கிலி வாள்களும் அலறிக்கொண்டேயிருக்கும். இன்னொன்று அலறினால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். மீதிப் பதப்படுத்தல் அங்கேதான் நடந்தது.

ஆனால், மனிதர் அத்தோடு விடவில்லை. சத்தத்தையே குறைக்க முடியுமா என்று இறங்கிவிட்டார். சத்தத்தில் ஒரு பாதி வெளியேறும் புகையிலிருந்தும் மறுபாதி காற்றாடியின் நுனியிலிருந்தும் வருகிறது என்பது அவர் கட்சி. முதலாவதற்கு, கொள்ளளவு கூடிய, இரு குழாயுள்ள சைலன்சர் போட்டார். இரண்டாவதற்கு, 16 அங்குலக் காற்றாடியைக் கழற்றி 17 அங்குலத்தைப் பூட்டினார். பெரிய காற்றாடியை எஞ்சின் மெதுவாகவே சுற்றும். 8,000 சுற்று 7,000 ஆகக் குறைந்தது. நுனியின் வேகம் நொடிக்கு 170 மீற்றரிலிருந்து 158 ஆனது. குதிப்பும் சற்றுக் குறைந்ததுதான். செங்குத்தாக ஏறும்போது முன்னைய வீறு இல்லை. "கரணம் அடிக்கிற விமானத்துக்கு இது அநியாயம்" என்றான் மருமகன், காணொளியைப் பார்த்துவிட்டு. அத்தானோ, "மேலை பறக்கிறவனுக்கு மட்டும் விமானம் இல்லை, கீழை நிக்கிறவனுக்கும்தான்" என்று பதில் அனுப்பினார்.

அனுமதி விடயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆளில்லாமல் பறக்கும் எதுவானாலும் இங்கே சிவில் விமான சேவைகள் அதிகார சபையிடம் போயாக வேண்டும். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு சில காலம் அனைத்தையும் தடை செய்திருந்தார்கள். தலதா மாளிகை இருக்கும் நகரத்தின் வானத்தை நினைத்தும் பார்க்கக்கூடாது. கடிதங்கள், கையொப்பங்கள், மறுபடி கடிதங்கள். பத்திரிகைக்காரனாக நான் பயன்பட்ட இடம் அது ஒன்றே.

முதற்பறப்பு திகணைக்கு அப்பால், விக்டோரியா நீர்த்தேக்கத்தை நோக்கிச் சரியும் ஒரு வெட்டவெளியில். மாடுகளைத் தவிர அயலில் எவருமில்லை. காலை ஏழு மணி, காற்று இன்னும் எழவில்லை. மின்சார விமானம் விசையைத் தொட்டதும் பாயும். இது ஒரு கணம் யோசித்துவிட்டுப் பாய்ந்தது. புல்லில் முப்பது மீற்றர் ஓடி எழுந்து, இரண்டு சுற்று வந்து, தலைகீழாகியது. எஞ்சின் ஒரு துடிப்பையும் தவறவிடவில்லை. சவ்வும் குண்டும் தம் வேலையைச் செய்துகொண்டிருந்தன. நான் கண்ணை மூடிக் கேட்டுப் பார்த்தேன். நூறு மீற்றரில் அது மோட்டார் சைக்கிள். முந்நூறில், சந்தேகமேயில்லை, வண்டு. சைலன்சரோ காற்றாடியோ அதை மாற்றவில்லை. சற்றுத் தூரத்துக்குத் தள்ளி வைத்தன, அவ்வளவே. அத்தானிடம் சொன்னேன். "தெரியும்" என்றார், கண்ணை வானத்திலிருந்து எடுக்காமல்.

கழற்றிய மின்மோட்டாரைப் பழைய சாரம் ஒன்றில் சுற்றி அலுமாரிக்குள் வைத்திருக்கிறார். மருமகன் இந்த டிசெம்பரில் வருகிறானாம். கைப்பையில் இரண்டு பற்றரி வருகிறதாம். வந்தால் எதைப் பூட்டுவது என்பதில் அக்கா வீட்டில் இரண்டு கட்சி இருக்கிறது.

கடந்த மாதம் கறாஜ் பூட்டியிருந்த ஒரு நாளில், காபரேற்றரின் சவ்வை மாற்றிவிட்டு வீட்டிலேயே ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. முதல் நாளே அக்கா வேலியடிக்குப் போனாள். "நாளைக்குக் காலமை பத்து மணிக்கு, அஞ்சு நிமிசம் மட்டும், பிள்ளை" என்றாள். ஆசிரியை கொஞ்சம் யோசித்தார். "சரி அக்கா. பத்து மணிக்குத் தொடங்கினால் பத்து அஞ்சுக்கு நிக்கும்தானே?" என்றார். நிற்கும் என்று அக்கா சொன்னாள். மறுநாள் அத்தான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். நான்கு நிமிடத்தில் நிறுத்திவிட்டார்.